பிளக் வைத்தியர்

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கிறதோ இல்லையோ, பாபநாசம், அம்மாப்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் ஒருவராவது அந்த வாரம் பிளக் ஸ்பானரை எடுத்துவிடுவார். வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டி, பக்கத்தில் பழைய செய்தித்தாள், அதன்மேல் துணி, உப்புத்தாள், புது பிளக். வண்டி நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது. கூலியை மிச்சம் பிடிக்கும் கஞ்சன் என்று இவரை ஊர் சொல்கிறது; கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இவர் வாங்கித் தரும் டீயும் வடையும் மெக்கானிக் கேட்கும் காசைத் தாண்டிவிடும். உண்மையில் இவர் கையில் இருப்பது 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 விட்டுச்சென்ற பழக்கம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். நெய்யைப் போலவே ஆயிலையும் தாராளமாக ஊற்றிய ஊர் இது. பிளக்கில் கரி ஏறாமல் என்ன செய்யும்? நெல் மூட்டையோடு வண்டி நடுவயலில் நின்றால் கூப்பிட மெக்கானிக் ஏது? சீட்டுக்கடியில் ஸ்பானர் இருந்தவன் வீடு சேர்ந்தான். பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது, ஆயில் தனி அறைக்குப் போயிற்று, 2015இல் டி.வி.எஸ்.ஸின் எக்ஸ்.எல். 100உம் அந்த வழிக்கு வந்தது. நோய் போய்விட்டது, வைத்தியர் மட்டும் நின்றுவிட்டார்.

'அலுமினிய ஹெட்டில் மரையைக் கெடுத்துவிடுவார்' என்பது மகன்களின் வழக்கமான ஆட்சேபம். அப்படிக் கெடுப்பவர்கள் உண்டு. ஆனால் எடுத்தவுடன் ஸ்பானரைப் போடும் அவசரக்காரர்கள் அவர்கள். இவருக்கு ஏது அவசரம்? இன்ஜின் ஆறும்வரை அரசியல் பேசுவார். பிளக்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் நெல் சுணையும் புழுதியும் உள்ளே விழாதபடி ஊதிவிட்டுத்தான் கழற்றுவார். புது பிளக்கை விரலாலேயே கடைசிவரை திருகி, வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பானரால் அரைச் சுற்று. 0.7 மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டிய இடைவெளியைக் கண்ணாலேயே அளப்பதுதான் கொஞ்சம் திகில். கழற்றிய பிளக்கையும் எறியமாட்டார். ஆபத்துக்கு உதவும் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். எந்த ஆபத்தும் இதுவரை அந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை.

எதற்கெடுத்தாலும் பிளக்கையா கழற்றுவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. கேள்வி நியாயமானது, ஆனால் பிளக் பொய் சொல்லாது. பிஸ்கட் நிறமென்றால் எரிப்பு சரி, கரிப்பூச்சு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. கிளம்பாத வண்டியில் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறிதான் வரவில்லை. பக்கத்து வீட்டு வண்டிக்கும் இதே முறையில்தான் பார்ப்பார். பிளக் ஈரம். ஹெட்டில் வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறி இல்லை. "சித்தப்பா, கில் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு" என்று ஹேண்டில்பாரைக் காட்டுவான் ஒரு பொடியன். "கரண்டு வரலேன்னு நான் அப்பவே சொல்லலையாடா?" என்பார். சொன்னார்தான்.