வாயைத் திறந்தால் பசியா? தொட்டி மீனும் தமிழ்க் குடும்பமும்: ஓர் ஆய்வு

நாய் வளர்ப்பைப் பற்றியும் பூனை வளர்ப்பைப் பற்றியும் அறிஞர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நாய் குரைத்துத் தன் தரப்பைச் சொல்லிவிடும். பூனை எழுந்து போய்விடும். இரண்டுக்கும் வழியில்லாமல், இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடியே ஒரு குடும்பத்தின் மொத்தப் பிரியத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டிய உயிர் தங்கமீன். அதன் தரப்பை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், சென்னையிலும் அதன் புறநகரிலும் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருக்கும் வீடுகள். பல் மருத்துவரின் காத்திருப்பறைத் தொட்டிகளை விலக்கியிருக்கிறோம். அங்கே மீனைப் பார்ப்பவர்கள் யாரும் மீனைப் பற்றி நினைப்பதில்லை. வாஸ்துவுக்காக வைக்கும் அரோவானாவும், அதிர்ஷ்டத்துக்காக வைக்கும் நெற்றி புடைத்த ஃபிளவர் ஹார்னும் செல்லப் பிராணிக் கணக்கில் வாரா. அவை முதலீட்டுக் கணக்கு. ஆய்வு முறை, சோபாவில் உட்கார்ந்து கவனித்தல். காபி கொடுத்த வீடுகளில் தரவுகள் கூடுதலாகக் கிடைத்தன என்பதை நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம்.

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெண்டைக் குடும்பத்து மீன் ஒன்றைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துப் பொன்னிறமாக்கினார்கள். லண்டன் விலங்கியல் பூங்கா 1853-இல் மீன் இல்லம் திறந்தது. மறு ஆண்டே ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் தொட்டி வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் போட, லண்டன் வரவேற்பறைகளுக்குத் தொட்டிப் பித்து பிடித்தது. சென்னை மெரினாவில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இவற்றுள் எதுவும் நம் ஆய்வுக்கு முக்கியமில்லை. முக்கியமானது கொளத்தூர்.

கொளத்தூரில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. கடைக்காரர் சின்ன வலையை விட்டு, பையன் கைகாட்டிய அதே மீனைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் கவரில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டை முறுக்கிப் போடும் வேகம் தனி ஆய்வுக்கு உரியது. மக்கள் ஜோடியாகத்தான் கேட்கிறார்கள். கோல்டு ஃபிஷ்ஷில் ஆண் எது, பெண் எது என்பது இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் செவுள்மூடியில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும்வரை எளிதில் தெரியாது. ஆனாலும் வண்டி வீடு வந்து சேர்வதற்குள் ஒன்று ராஜா, மற்றது ராணி ஆகிவிடுகிறது.

கவரைக் கையில் கொடுக்கும்போது கடைக்காரர் ஒன்று சொல்கிறார்: "ரெண்டு வேளை போதும் சார். ஒரு வேளைக்கு நாலே நாலு குருணை. அதுக்கு மேல போடாதீங்க." அப்பா தலையாட்டுகிறார். ஆனால் வீட்டில் மீனுக்குத் தீனி போடப்போவது அப்பா அல்ல. மனித குலத்தின் மீன் அறிவு அறுந்துபோகிற இடம் இதுதான் என்று எங்கள் ஆய்வு உறுதியாகக் கருதுகிறது.

மீன் வளர்க்கும் குடும்பத்தில் நான்கு பதவிகள் இருக்க வேண்டும். கேட்பவர், வாங்குபவர், தீனி போடுபவர், தண்ணீர் மாற்றுபவர். முதல் பதவியைப் பிள்ளை உடனே ஏற்கிறது. இரண்டாவதை அப்பா முனகிக்கொண்டு ஏற்கிறார். மூன்றாவதற்கு அம்மா, பாட்டி, பிள்ளை, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எப்போதாவது வரும் மாமா என எல்லோரும் போட்டியிடுகிறார்கள். நான்காவது இடம் காலியாகவே கிடக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் கால் பங்கை வாரம் ஒரு முறை குழாய் விட்டு உறிஞ்சி வெளியேற்றி, முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்துக் குளோரின் போன தண்ணீரை ஊற்ற வேண்டும். இந்த வேலையில் மீன் நம்மைப் பார்த்து வாலாட்டும் காட்சி எதுவும் வராது. முழங்கை நனையும். ஆகவே யாரும் போட்டியிடுவதில்லை.

சில வீடுகளில் அப்பா இதற்கு ஒரு நிர்வாகத் தீர்வு காண்கிறார். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் கறுப்பு சக்கர் மீனை வாங்கிவந்து விட்டுவிடுகிறார். கண்ணாடியில் படியும் பாசியை அது கொஞ்சம் மேயும், உண்மைதான். மேய்ந்ததை அதே தொட்டியில்தான் கழிக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அது வளர்ந்துகொண்டே போய், தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஏரியில் 'விடுதலை' செய்யப்படுகிறது. இன்று தமிழக ஏரிகளில் வலையைக் கிழித்து மீனவர்களை வதைப்பது இப்படி விடுதலை பெற்றவர்களின் பரம்பரைதான். இந்த ஒரு பத்தியில் மட்டும் நகைச்சுவை இல்லை.

இனி மையக் கருதுகோள். தமிழ்க் குடும்பத்தின் தொட்டி மீன் கவனிப்பாரற்றுச் சாவது அரிது; உபசரிப்பால் சாவதே வழக்கம்.

இதன் வேர் கோயில் குளத்தில் இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து பொரி வாங்கிப் போடுவதும், மீன்கள் முண்டியடித்து வருவதும், குழந்தை கைதட்டுவதும் நம் பண்பாட்டின் பழைய சந்தோஷங்களுள் ஒன்று. குளம் பெரிது, அது தாங்கும். அதே கை, அதே பொரி மனநிலையோடு, 56 லிட்டருக்கு முன்னால் வந்து நிற்கும்போதுதான் சிக்கல். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், 'மருந்து' என்று இன்னோர் அதிகாரமும் வைத்து, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்ணச் சொன்னார். தங்கமீன் முதல் அதிகாரத்துக்குப் பலியாவது, இரண்டாவதைப் பின்பற்ற அதற்கு உறுப்பு இல்லாததால். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் பல் உண்டு. அரைத்தது நேரே குடலுக்குப் போகும். இரைப்பை நிரம்பி 'போதும்' என்று சொல்லும் ஏற்பாடு இல்லாத ஓர் உயிரை, 'போதும்' என்ற சொல்லையே ஏற்காத ஒரு சமூகத்திடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அடுத்தது வாய். தங்கமீன் நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நீரை வாய்வழி இழுத்துச் செவுள்வழி விட்டால்தான் அதற்கு மூச்சு. இதை எந்தத் தமிழ்ப் பாட்டியும் ஏற்கமாட்டார். களத்தில் பதிவான வாக்குமூலம்: "பாவம்டா, வாயத் தொறந்து தொறந்து கேக்குது பாரு." உடனே டப்பா திறக்கப்படுகிறது. நான்கு குருணை பத்தாகி, சில சமயம் சிவப்பு நிறத்தில் பாதிக் கைப்பிடி ஆகிறது. அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் போடுகிறார், அவருக்கு முன் யார் போட்டது என்று தெரியாது. பிள்ளை டியூஷனிலிருந்து வந்ததும் போடுகிறது, தெரிந்தும்.

தின்றது போக மிஞ்சியது அடியில் அழுகுகிறது. மீன் செவுள்வழி அம்மோனியாவை விடுகிறது, கழிவும் அம்மோனியாவாகிறது. அம்மோனியா செவுளை எரிக்கிறது. அழுகல் ஆக்ஸிஜனைத் தின்கிறது. மூச்சு முட்டிய மீன் மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயை முன்னைவிட வேகமாகத் திறந்து மூடுகிறது. பாட்டி இதைப் பார்த்துவிடுகிறார். "ஐயையோ, எவ்வளவு பசி!" டப்பா மறுபடி திறக்கிறது. இயற்பியலில் நிரந்தர இயக்க இயந்திரம் சாத்தியமில்லை என்பார்கள். எங்கள் ஆய்வு கண்ட அளவில், ஏர் பம்ப் நின்றாலும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை.

இதை முறிக்கக்கூடியவை சில பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறு சில அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கும். ஃபில்டர் பஞ்சில் இவை குடியேறிப் பெருக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். நம்மவர்களோ தொட்டி வாங்கிய அன்றே நல்ல நேரம் பார்த்து மீனையும் விட்டுவிடுகிறார்கள். மீன் தப்பிப் பிழைத்து, பாக்டீரியாவும் குடியேறிய பிறகு போகிப் பண்டிகை வருகிறது. வீடு முழுக்கக் கழுவும் உற்சாகத்தில் ஃபில்டர் பஞ்சும் குழாயடிக்குப் போய், குளோரின் தண்ணீரில் பளிச்சென்று பிழியப்படுகிறது. ஒரே பிழிதலில் கோடிக்கணக்கான ஊழியர்கள் காலி. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசினால் போதும் என்று சொல்லிப் பார்த்தோம். "அழுக்குத் தண்ணில கழுவினா அழுக்கு எப்படிப் போகும்?" என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது, சபை அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

மறுதரப்பையும் பதிவு செய்ய வேண்டும். தங்கமீன் அப்பாவி என்ற கருத்து ஆய்வில் நிற்கவில்லை. அதன் ஞாபகம் மூன்று நொடிதான் என்பது வெறும் கட்டுக்கதை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில், நெம்புகோலை அழுத்தினால் தீனி வரும் என்பதையும், எந்த நேரத்தில் அழுத்தினால் வரும் என்பதையும் தங்கமீன்கள் கற்றுக்கொண்டன. நம் வீடுகளில் நெம்புகோல் பாட்டி. பாட்டியின் புடவை தெரிந்ததும் மீன்கள் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு ஓடிவந்து உடலை நெளிக்கின்றன. அப்பாவின் லுங்கிக்கு அசைவதில்லை. வீட்டில் தன்னைக் கண்டு முகம் மலரும் ஒரே ஜீவன் இது என்று பாட்டி நம்புகிறார். பேரன் போனைவிட்டுக் கண்ணெடுக்காத வீட்டில் அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மருந்து சாப்பிட மறந்தாலும் மீனுக்கு நேரம் தவறாத பாட்டிகள் உண்டு.

மீனின் திறமை அதோடு நிற்கவில்லை. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் தொட்டிக்குச் சக்கரம் வைத்து, மீன் நீந்தும் திசையில் வண்டி நகரும்படி செய்தார்கள். ஆறு தங்கமீன்கள் இலக்கை நோக்கி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டன என்று 2022-இல் அறிவித்தார்கள். இதை 2017-இல் ஆஸ்லோ, லிவர்பூல் ஆய்வாளர்கள் சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உறைந்த ஏரிக்கடியில் ஆக்ஸிஜன் இல்லாத குளிர்காலத்தைக் கடக்க, தங்கமீனும் அதன் நெருங்கிய சொந்தமான க்ரூஷியன் கெண்டையும் உடம்புக்குள்ளேயே ஆல்கஹால் தயாரிக்கின்றன. அப்போது கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30. குடும்பத்தில் வண்டி ஓட்டவும் தெரிந்து, யாரும் ஊற்றிக் கொடுக்காமல் போதையும் ஏற்றிக்கொள்ளக் கூடியது மீன் மட்டும்தான் என்பதைக் காவல்துறையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இத்தாலியின் மோன்ஸா நகரம் 2004-இல் வளைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. வளைவு வழியே பார்க்கும் மீனுக்கு உலகம் கோணலாகத் தெரியுமாம். நம் வீட்டுத் தொட்டிகள் நேரான கண்ணாடிதான். ஆனால் எதிரே இரவு பத்து மணிவரை சீரியல் ஓடுகிறது, மீனுக்கு இமையும் கிடையாது.

மரணம் பற்றிச் சுருக்கமாக. 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் நாயகன் கடலில் வாழும் கோமாளி மீன் என்றாலும், கோல்டு ஃபிஷ்ஷுக்கும் நீமோ என்றே பெயர் விழுகிறது. பள்ளிவிட்டுப் பிள்ளை வருவதற்குள் அப்பா கடைக்கு ஓடி, அதே நிறத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து விடுகிறார். சோழர் வரலாறு போல் முதலாம் நீமோ, இரண்டாம் நீமோ என்று வம்சம் நீள்கிறது. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள், தனி ஒருவராக ஆண்டது. நம் வம்சங்களில் பட்டாபிஷேகம் சில மாதத்துக்கொரு முறை. பிள்ளைக்குத் தெரியாது என்று அப்பா நினைக்கிறார். நாங்கள் பேட்டி கண்ட பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா வருத்தப்படுவார் என்று சொல்லாமல் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு களக்குறிப்பு. வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் சௌகரியமாக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒரு குடும்பத்துக்கு இது தெரிந்தே இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் எதிர் ஃபிளாட் அம்மாளிடம் சாவியைக் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு சிட்டிகை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது டப்பா காலி. தொட்டித் தண்ணீருக்குள் மீன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க முடிந்தது. இருந்தது. பம்பின் குமிழிக்குப் பக்கத்தில் வாயை வைத்து நின்றிருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த அம்மாள் சொன்னார்: "எப்பப் போனாலும் வாயத் தொறந்து தொறந்து கேட்டுச்சும்மா. எப்படிப் போடாம வர்றது?"

வீட்டுக்காரம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தட்டு நிறைய எடுத்துவந்தார். இப்பத்தான் சாப்பிட்டேன், ஒன்று போதும் என்று அந்த அம்மாள் இரண்டு முறை சொன்னார். "அதெல்லாம் இல்ல, எடுத்துக்குங்கக்கா" என்று மூன்றாவதும் நான்காவதும் தட்டில் விழுந்தன.