மீதிச் சில்லறை இயல்: வாலாஜாபாத் டிபன் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சாப்பிட்டு எழுகிறவன் சப்ளையருக்கு ஐந்து ரூபாய் வைப்பதா, பத்து ரூபாய் வைப்பதா என்னும் வினா தமிழாய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. தொல்காப்பியத்தில் மேலாண்மை, திருக்குறளில் விண்வெளி என்று அறிஞர்கள் இதைவிட அவசரமான வேலைகளில் இருந்ததே காரணமாகலாம். அமெரிக்காவில் நிலைமை அப்படியில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் லின் பல்லாண்டுகளாக இத்துறையிலேயே உழைத்தவர். சப்ளையர் மேசையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசினால் டிப்ஸ் கூடும் என்று அவரும் சக ஆய்வாளரும் 1993-ல் நிறுவினார்கள். 1996-ல் வேறு இருவர், பில்லின் பின்புறம் சிரித்த முகம் வரைந்து கொடுத்தால் பெண் சப்ளையருக்குக் கூடும், ஆணுக்குக் கூடாது என்று கண்டார்கள்.

இம்முடிவுகளை அப்படியே வாலாஜாபாத்துக்கு இறக்குமதி செய்ய இயலாது. காலை எட்டரை மணிக்கு, வெளியே செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கையில், சப்ளையர் நம் மேசையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் "இன்னாப்பா, தலை சுத்துதா?" என்றுதான் கேட்போம். அடுத்த நொடி பக்கத்து மேசைக்காரர் சோடா வாங்க ஓடுவார். சிரித்த முகம் வரையவும் வழியில்லை. கடையில் உள்ள ஒரே பேனா கல்லாவில் நூல் கட்டித் தொங்குகிறது. ஆகவே நமக்கு நம் கோட்பாடு வேண்டும்.

களத்தேர்வு பற்றி ஒரு விளக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை வேறு, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத் வேறு. பஸ் ஏறுமுன் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் பெயர் தந்தவர் ஒருவரே: ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. இவர் நம் துறையின் மூலவர். தமக்கும் தம் தந்தைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த சேவைக்காக, காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜாகீரை 1763-ல் கம்பெனிக்குக் கொடுத்தார். இது பில் அன்று என்பதைக் கவனிக்க. படைச் செலவு, கடன், கடனுக்கு வட்டி என்று பில் தனியாக ஏறிக்கொண்டே இருந்தது. 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் அந்தக் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட பேச்சுப் பேசும் அளவுக்கு ஏறியது. ஜாகீர், தட்டில் வைத்தது. மேசையில் ஒரு ஜில்லாவை வைத்துவிட்டு எழுந்த வாடிக்கையாளர்கள் உலக வரலாற்றில் அரியர். கம்பெனி ஊழியர்கள் உள்ளூர் அரசர்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று 1773-ல் சட்டமே வந்தது. 'இங்கு டிப்ஸ் தர வேண்டாம்' என்று சில ஓட்டல்களில் தொங்கும் பலகைக்கு அதுவே முன்னோடி. இரண்டும் ஒரே அளவுக்குப் பின்பற்றப்பட்டன.

இதற்கும் முந்திய சான்றுகள் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் எதிரே வரும் பாணனிடம், எங்கே போனால் என்ன கிடைக்கும் என்று வழி சொல்கிறான். அரசன் சோறும் போட்டுப் பொற்றாமரையும் தேரும் குதிரையும் கொடுப்பான். இன்று சோறு போடுகிறவர் எதிர்பார்க்க, தின்றவன் கொடுக்கிறான், திசை மாறிவிட்டது. ஆனால் ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை அழியவில்லை. "ஃபேன் கீழ உக்காந்திருக்காரே, அவர் வச்சிட்டுப் போவாரு, நீ போ" என்று ஒரு சப்ளையர் இன்னொருவரை வழிப்படுத்துவதை எந்தக் கடையிலும் கேட்கலாம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை ஒன்றின் சம்பளப் பட்டியலைத் தருகிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். மருந்து கொடுக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் எடுத்து வருபவர் என எல்லாருக்கும் இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நோயாளி குணமாகிப் போகும்போது தண்ணீர்க்காரருக்கு என்ன வைத்தார் என்பது மட்டும் அதில் இல்லை. சம்பளத்தைக் கல்லில் வெட்டலாம், டிப்ஸை வெட்ட முடியாது. (வெட்டியிருந்தால் இன்று வருமான வரித்துறை கல்வெட்டியலில் ஆர்வம் காட்டியிருக்கும்.)

இனிக் கோட்பாடு. டிப்ஸ் என்பது பில் தொகையில் இத்தனை சதவீதம் என்று அயல்நாட்டார் கூறுவர். அது இங்கே பொருந்தாது. என்னை? எண்பது ரூபாய்க்குப் பத்து சதவீதம் எட்டு ரூபாய். எட்டு ரூபாய் என்று ஒன்றை வாலாஜாபாத்தில் யாரும் சட்டைப்பையில் வைத்திருப்பதில்லை. பதினைந்து சதவீதம் பன்னிரண்டு ரூபாய். அது இன்னும் மோசம். எனவே இவ்வாய்வு முன்மொழிவது: டிப்ஸைத் தீர்மானிப்பது பில் அன்று, சேவையும் அன்று, நீட்டிய நோட்டில் பில் போக மிஞ்சுவதன் கடைசித் துண்டு.

பில் 85 ரூபாய், நோட்டு 100. மீதி பதினைந்து, பத்து ரூபாய்த் தாளும் ஐந்து ரூபாய் நாணயமுமாக வரும். ஐந்து தங்கும். பில் 95 என்றாலும் ஐந்து தங்கும். பத்து ரூபாய் அதிகம் தின்றவனும் குறைவாகத் தின்றவனும் இங்கே சமம். பில் 90 என்றால்தான் தர்மசங்கடம். மீதி ஒரே பத்து ரூபாய்த் தாள். முழுதும் வைத்தால் மனம் கேட்காது, எடுத்தால் முகம் கேட்காது. அதே பத்து இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களாக வந்தால் பிரச்சினை தீர்ந்தது, ஒன்று உனக்கு ஒன்று எனக்கு. ஆகவே டிப்ஸின் உண்மையான அதிபதி கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அவர் சப்ளையர்மீது அன்பாக இருக்கும் நாளில் நூறை உடைத்துப் பத்துகளாகத் தருவார். சண்டை போட்ட நாளில் ஐம்பதாகவே தருவார். ஐம்பது ரூபாய்த் தாளை மேசையில் விட்டுப்போன மனிதர் இருந்தால், அவர் அதைத் தேடித் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

பில் சரியாக நூறு என்று அமைவதே சப்ளையரின் பெரும்பகை. வாடிக்கையாளர் நூறை நீட்டிவிட்டு, மனச்சாட்சியில் ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து போவார். இங்கேதான் "சார், ஒரு காபி?" என்ற வினாவின் முழு ஆழமும் விளங்குகிறது. இதை விருந்தோம்பல் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. இருபத்தைந்து ரூபாய்க் காபி சேர்ந்தால் பில் 125. இருநூறு நீட்டினால் எழுபத்தைந்து திரும்பும். அதில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தே தீரும். இத்தனை கணக்கையும் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டே போடுகிறவரை நாம் 'தம்பி' என்று கூப்பிடுகிறோம்.

மத்திய அரசும் இதில் தலையிட்டிருக்கிறது. 2017 நவம்பர் 15 முதல் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆனது. வரியைத் தனியே சேர்க்கும் கடைகளில் 80 என்பது 84 ஆகி, 120 என்பது 126 ஆகி, மீதியில் ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு ரூபாயை எடுத்துப் பையில் போட யாருக்கும் கை வராது. வரி விதித்தவர்கள் நினைத்தே பாராத சமூக நலத்திட்டம் இது. ரிசர்வ் வங்கியின் பங்கு கலவையானது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அது 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும், தமிழ்நாட்டில் பல கடைகள் அதை வாங்க மறுத்தன. விளைவு, எங்கும் செல்லாத நாணயமெல்லாம் சோம்புத் தட்டில் வந்து விழுந்தது. வைத்தவர் வள்ளல், வாங்கியவர் அதை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்.

சோம்புத் தட்டைப் பற்றி ஒரு சொல். சோம்பு செரிமானத்துக்கு என்பது பொதுமக்கள் நம்பிக்கை. ஆய்வின்படி அது நாணயத்தை மூடுவதற்கு. குறைவாக வைத்தவரின் மானமும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் மானமும் அந்த ஒரு பிடி சோம்பின் அடியில் காப்பாற்றப்படுகின்றன.

முகூர்த்தப் பட்டு எடுக்க வேன் பிடித்து வரும் கூட்டம் இக்கோட்பாட்டுக்கு ஒரு புறனடை. ஒரகடம் வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்கள் வாலாஜாபாத்தில் நிறுத்தி டிபன் சாப்பிடுவார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்க, பில் கொடுப்பதில் இரு மாமாக்களுக்கும் இழுபறி. தோற்றவர் விடமாட்டார், "டிப்ஸாவது நான் வைக்கிறேன்" என்று நூறு ரூபாயை எடுப்பார். அதே வேன் மாலையில் திரும்பும். முகூர்த்தப் புடவை, நலங்குப் புடவை, நாத்தனாருக்கு ஒன்று, யாரும் எதிர்பாராத அத்தைக்கு ஒன்று என்று எல்லாம் எடுத்தாயிற்று. ஆளுக்கொரு டீ மட்டும். தட்டில் சோம்பு மட்டும்.

அந்தப் பட்டுக்கடையில் நடந்ததையும் கேளுங்கள். விற்பனையாளர் ஒருவர் மடிப்புக் கலைத்து மடிப்புக் கலைத்து மலைபோல் புடவை காட்டியிருப்பார். "இதே பார்டர், இந்த அரக்கு வேணாம், கொஞ்சம் கம்மியா அரக்கு" என்று கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டிருப்பார். அவருக்கு ஐந்து பைசா டிப்ஸ் கிடையாது. யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கலாம் என்று தோன்றுவதுமில்லை. அவர் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால், வாலாஜாபாத் பக்கத்து ஐயம்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ குழித்தறியில் நாள்கணக்கில் கால் வைத்து மிதித்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா, வா" என்று சொன்ன வாட்ச்மேனுக்கு இருபது ரூபாய்.

நாம் உழைப்புக்கு டிப்ஸ் தருவதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். கையில் சில்லறை இருக்கும் அந்தக் கணத்தில் கண்ணெதிரே நிற்பவருக்குத் தருகிறோம். தோசை நன்றாயிருந்ததென்றால் அது கல்லின்முன் வெந்துகொண்டிருக்கும் மாஸ்டரின் கைவண்ணம். காசு, அதைத் தூக்கி வந்தவருக்கு. இலையை எடுத்து மேசை துடைக்கும் பெண்மணி காசு வைக்கும் நேரத்தில் அடுத்த மேசைக்குப் போயிருப்பார், அவருக்கும் இல்லை. கண்ணில் படுவதன் அவசியத்தைச் சப்ளையர்கள் அறிவர். கேட்பவரின் தகுதிக்கேற்ப ஈ, தா, கொடு என மூன்று சொற்களைத் தொல்காப்பியர் வகுத்தார். நம்மவர் மூன்றையும் தொடுவதில்லை. நிறைந்திருக்கும் டம்ளரில் மேலும் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரகடம் தொழிற்பேட்டை வளர்ந்தபின் இவ்வட்டாரக் கடைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். தமிழில் அவர்கள் முதலில் கற்பது இந்தத் தண்ணீரைத்தான்.

சட்டநிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில் 1976-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் தொழிலாளிக்குத் தருவது, முதலாளி தரும் கூலியாகாது என்றார். 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதையே தொடர்ந்து, டிப்ஸ் சம்பளம் அல்ல, அதற்கு ஓட்டல் நிர்வாகம் வரி பிடிக்க வேண்டியதில்லை, பெற்றவர் கையில் அது 'பிற வழி' வருமானம் என்றது. பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பதை 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது; ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள்; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. இந்தப் போர் முழுவதையும் வாலாஜாபாத் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. இங்கே சாம்பாருக்குத் தனியாகக் காசு கேட்டாலே கடை இரண்டாகிவிடும்.

இத்தனை நுட்பமாக வளர்ந்த ஒரு துறையை அழித்தது சட்டம் அன்று, 2016-ல் வந்த யுபிஐ. 84 என்றால் 84 அனுப்பலாம். நோட்டு இல்லை, மீதி இல்லை, கடைசித் துண்டு இல்லை, காபி விசாரிப்பின் கணிதத்துக்கு வேலை இல்லை. கல்லாவில் உள்ள பெட்டி தொகையை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. சோம்பு தந்த மறைவும் போயிற்று. பெருந்தன்மையாகப் பத்து ரூபாய் கூட்டி அனுப்பினாலும் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். தட்டில் சோம்பு இன்னும் வருகிறது, எதை மூடுவதென்று தெரியாமல்.

தீர்வாகச் சம்பளத்தைக் கூட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது பொருளாதாரம், இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது, சரியானதும்கூட. களத்தில் நடப்பது வேறு. கைகழுவி வந்த வாடிக்கையாளர் வெறும் கையைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "தம்பி, உன்கிட்ட ஜிபே இருக்கா?" என்கிறார்.

"இருக்குண்ணே. ஆனா போனை டூட்டில வச்சுக்க விடமாட்டாங்க, கல்லாவுல கிடக்குது."

"சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

இந்த 'அடுத்த தடவை' என்பதன் கால அளவு குறித்துத் தனி ஆய்வு தேவைப்படுகிறது. நிதி கிடைத்தால் செய்யலாம்.