காவல்காரன் என்ன விலை?

பெடியள், கதைச்சு முடிஞ்சுதோ? முடிஞ்சால் இந்தக் கிழவனுக்கும் ஒருக்கால் வாய் திறக்க இடம் தாங்கோ. லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியை விட்டு மார்னர் லாஸ் வேகாசுக்குப் போன நாளிலையிருந்து இந்த ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ரிலை ஒரே சந்தை இரைச்சல். "டிஃபென்ஸ்காரன் மோர்கன் றைலியையும் வித்துப்போட வேணும்" எண்டு ஒருத்தன். "வித்தால் முதலாம் சுற்றுத் தெரிவு ரெண்டும், நல்ல முன்வரிசைப் பெடியன் ஒருத்தனும் வாங்காமல் விடக்கூடாது" எண்டு மற்றவன். உங்களிலை ஒருத்தரும் லீஃப்ஸ் அணியின்ரை மனேஜர் இல்லை. அந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம்.

எனக்கென்ன தெரியும். பனங்கூடலுக்குள்ளை வளந்தவன், ஐஸ் எண்டால் ஐஸ்பழ வான் மட்டும்தான். ஆனாலும் குளிர்காலம் முழுக்க உங்களோடை ரீவிக்கு முன்னாலை குந்தியிருந்தது முழுசா வீண் போகேல்லை.

முதலிலை, நீங்கள் விக்கப் போற ஆள் ஆர் எண்டு பாப்பம். படலைக்குக் காவல் எண்டு சம்பளம் பேசி வைச்ச ஆள். ஆனால் அவன்ரை கண் எப்பவும் பக்கத்து வளவு மாமரத்திலை. கொஞ்சம் இடம் கிடைச்சால் வேலி பாய்ஞ்சு போய் மாங்காய் ஆய்ஞ்சுகொண்டு வாறான். மடி நிறையக் கொண்டு வாற நாள் வீடே கொண்டாடும். அந்த நேரம் பாத்து எங்கட வளவுக்குள்ளை ஆரும் பூந்திட்டால், "காவல்காரன் எங்கை போனவன்?" எண்டு கேப்பினம். மாங்காய் திண்ட வாயாலைதான் கேப்பினம்.

ஐஸிலை அது எப்பிடி நடக்குது? எதிராளின்ரை பக்கத்து ப்ளூ லைனிலை நிக்கிறான் எங்கட டிஃபென்ஸ்காரன். பலகை ஓரமா பக் வழுக்கிக்கொண்டு வருது. எதிராளி ஒருத்தனும் அதுக்கு ஓடி வாறான். இவன் ஒரு எட்டு முன்னுக்கு வைச்சு மறிச்சானெண்டால் பக் அங்கையே நிக்கும், அடுத்த பத்து விநாடியிலை கோலும் விழலாம். அரை எட்டுப் பிந்தினானெண்டால் ரெண்டு பேர் எங்கட கோலை நோக்கிப் பறப்பினம், மறிக்க மிச்சம் ஒருத்தன். கோல் காக்கிறவன் மனசுக்குள்ளை என்ன சொல்லுவான் எண்டதை நான் இஞ்சை சொல்லேலாது, வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். அந்த அரை எட்டைச் சரியா வைக்கிறவனுக்குத்தான் கோடிக்கணக்கிலை சம்பளம்.

சரி, விலைக்கு வருவம். நீங்கள் எல்லாரும் புள்ளியைப் பாத்து விலை போடுறியள். போன வருஷம் எத்தினை கோல், எத்தினை பாஸ், கூட்டு, பெருக்கு, ரெண்டு முதலாம் சுற்று. கணக்கு வடிவாத்தான் இருக்கு. அப்ப எரிக் கார்ல்சன் எண்ட சுவீடன்காரன்ரை கதையை ஒருக்கால் கேளுங்கோ. அவனை ரெண்டு தரம் வித்தவை. ரெண்டு விலையையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தால் உங்கட கணக்குக் கொப்பியைக் கிழிச்சுப் போடலாம்.

ஒட்டாவா செனற்றர்ஸ் அவனை 2008 ட்ராஃப்டிலை, அதுதான் இளம் பெடியளை அணியள் முறை வைச்சு எடுக்கிற தெரிவிலை, பதினைஞ்சாவதா எடுத்தது. சின்ன உடம்பு, பெரிய விளையாட்டு. 2012-லையும் 2015-லையும் சிறந்த டிஃபென்ஸ்காரனுக்கான நொரிஸ் கிண்ணம். 2017 பிளே-ஓஃப் முதற் சுற்றிலை பொஸ்டனோடை ஒரு ஆட்டம். கார்ல்சன் தன்ரை பக்கத்திலை நிண்டபடி பக்கைக் கிளப்பினான். ஐஸ் வழியா இல்லை, ஆகாய வழியா. அது எல்லாற்றை தலைக்கும் மேலாலை போய், பொஸ்டன்காரரின்ரை முதுகுக்குப் பின்னாலை ஓடிக்கொண்டிருந்த மைக் ஹொஃப்மனுக்கு முன்னாலை விழுந்துது. ஹொஃப்மன் தனியாப் போய் கோலைப் போட்டிட்டு வந்தான். அந்த நேரம் கார்ல்சன்ரை குதிக்கால் எலும்பிலை மயிரிழை வெடிப்பு இருந்தது எண்டு பேந்துதான் தெரிய வந்தது. அந்தக் காலோடை ஒட்டாவாவைக் கிழக்குப் பிரிவு இறுதியின்ரை ஏழாவது ஆட்டம் மட்டும் இழுத்துக்கொண்டு போனவன். அங்கை ரெண்டாவது மேலதிக நேரத்திலை பிட்ஸ்பேர்க் முடிச்சு வைச்சது. ஹொஃப்மன்ரை பேரை மனசிலை வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

அடுத்த வருஷம் ஒட்டாவா கவிண்டு 31 அணியிலை 30-ஆவது. 2018 செப்டெம்பரிலை கார்ல்சனை சான் ஹோசே ஷார்க்சுக்கு வித்திட்டினம். அப்ப அவனுக்கு 28 வயசு, ஒப்பந்தத்திலை மிச்சம் ஒரே ஒரு வருஷம். வந்தது என்ன? கிறிஸ் டியர்னி, டிலன் டிமெலோ, ஜொஷ் நொரிஸ், ருடொல்ஃப்ஸ் பல்சர்ஸ் எண்டு நாலு பேர், பிறகு சில ட்ராஃப்ட் தெரிவுகள். ஒட்டாவா சனம் தலையிலை கையை வைச்சுது. "கப்ரனைக் குடுத்துப் பெயர் தெரியாத பெடியளையும் கடதாசித் துண்டையும் வாங்கியிருக்கிறாங்கள்" எண்டு அழுதது. உங்களை மாதிரி ஆக்கள் அங்கையும் இருந்திருக்கினம் பாருங்கோ.

அந்தக் கடதாசித் துண்டிலை ஒண்டு ஷார்க்சின்ரை முதலாம் சுற்றுத் தெரிவு. 2019-இலை ஷார்க்ஸ் பிளே-ஓஃபுக்குப் போனால் அந்தத் தெரிவு 2020-க்குத் தள்ளும் எண்டு பேச்சு. போச்சு, மேற்குப் பிரிவு இறுதி மட்டும் போச்சு. கார்ல்சனுக்கும் வருஷம் 11.5 மில்லியன் டொலர்ப்படி எட்டு வருஷம் எழுதிக் குடுத்தாச்சு. அடுத்த வருஷமே ஷார்க்ஸ் கடைசி வரிசைக்குச் சறுக்கிச்சுது. ஒட்டாவான்ரை கடதாசித் துண்டு 2020-இலை மூண்டாவது தெரிவா மாறிச்சுது. அதிலை எடுத்த பெடியன்தான் ஜெர்மனிக்காரன் டிம் ஸ்டுட்ஸ்லே. நாலு பேரைப் பாத்து அழுத சனம் இந்த அஞ்சாவது ஆளை எண்ணவே இல்லை. எண்ணவும் ஏலாது, விக்கிற நேரம் அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசு.

இப்ப ரெண்டாவது விற்பனை. 2022-23 பருவம். கார்ல்சனுக்கு 82 ஆட்டத்திலை 25 கோல், 76 பாஸ், மொத்தம் 101 புள்ளி. 1991-92-இலை பிரையன் லீச் அடிச்ச பிறகு ஒரு டிஃபென்ஸ்காரனும் நூறைத் தொடேல்லை. மூண்டாவது நொரிஸ் கிண்ணமும் வந்துது. அதே பருவத்திலை ஷார்க்ஸ் வெண்டது 82-இலை 22. கார்ல்சன்ரை பிளஸ்-மைனஸ் கழிச்சல் 26. அவன் ஐஸிலை நிக்கேக்கை, பவர் ப்ளேயை விட்டுப் பாத்தால், அணி போட்டதை விட வாங்கினது 26 கூட. அதுக்கு முழுக்க அவன் தலையிலை பழி போடுறது அநியாயம், கோல் காத்தவையும் சேந்துதான் வாசலைத் திறந்து விட்டவை. ஒட்டாவாவிலை ஸ்டுட்ஸ்லே அதே பருவத்திலை 90 புள்ளி அடிச்சவன், அதையும் குறிச்சு வையுங்கோ.

உங்கட கணக்குப்படி இந்த 101 புள்ளிக்காரனுக்கு என்ன விலை? மூண்டு முதலாம் சுற்றோ? நாலோ? 2023 ஓகஸ்டிலை மூண்டு அணி சேந்து செய்த பேரத்திலை அவன் பிட்ஸ்பேர்க்குக்குப் போனான். ஷார்க்சுக்குக் கிடைச்சது ஒரு முதலாம் சுற்றுத் தெரிவு, அதுவும் முதல் பத்துக்குள்ளை விழுந்தால் இந்த முறை தரமாட்டம் எண்ட நிபந்தனையோடை. பிறகு கிரான்லுண்ட், ருட்டா எண்டு சம்பளம் கூடின ரெண்டு பேர். மூண்டாவது ஆள் மொன்றியலிலையிருந்து வந்த மைக் ஹொஃப்மன். ஓம், பொஸ்டனிலை ஆகாய வழியாப் பாஸ் வாங்கின அதே ஹொஃப்மன். பாஸ் குடுத்தவனை வித்து, வாங்கினவனை எடுத்திருக்கினம். இதுக்கு மேலை ஷார்க்ஸ் கார்ல்சன்ரை சம்பளத்திலை வருஷம் 1.5 மில்லியனை நாலு வருஷத்துக்குத் தன்ரை கையாலை கட்டவும் ஒத்துக்கொண்டது.

காலிலை வெடிப்போடை ஆடி, கவிண்ட அணியிலை நிண்ட 28 வயசுக்காரனுக்கு ஒரு ஸ்டுட்ஸ்லே விழுந்துது. 101 புள்ளியும் கிண்ணமுமா நிண்ட 33 வயசுக்காரனுக்கு வித்தவன் தன்ரை காசையும் சேத்துக் குடுத்தான். புள்ளிதான் விலை எண்டால் இது எப்பிடி?

ஏனெண்டால் சந்தையிலை நிக்கிறது ஆள் இல்லை, அவன்ரை ஒப்பந்தம். 2023-24-இலை ஒரு அணி செலவழிக்கக்கூடிய சம்பள வரம்பு 83.5 மில்லியன். அதிலை 11.5 ஒருத்தனுக்குப் போனால் மற்ற இருபது பேருக்கும் என்ன மிச்சம்? அதோடை அவனுக்கு, தன்னைக் கேக்காமல் எங்கையும் அனுப்பேலாது எண்ட வாசகமும் கையிலை. வாங்கக்கூடிய அணி ரெண்டு மூண்டு, அவன் போக விரும்பிறது அதிலும் குறைய. இந்த இடத்திலை 101 எண்ட எண் வாங்கிறவன்ரை கண்ணைக் கொஞ்சம் கூச வைக்குமே தவிர விலையைக் கூட்டாது.

அப்ப வாங்கினவன் கெட்டிக்காரனோ? பிட்ஸ்பேர்க்கின்ரை மனேஜர் ஆர் தெரியுமோ? கைல் டூபாஸ், உங்கட பழைய மனேஜர்தான். அங்கத்தை நட்சத்திரம் கிறோஸ்பிக்கு வயசு போக முன்னம் இன்னொருக்கால் முயற்சி செய்வம் எண்ட அவசரம். ஏற்கனவே கிறிஸ் லெட்டாங் எண்டு ஒரு வேலி பாயிற காவல்காரன் அங்கை இருக்கேக்கை, ரெண்டாவதா ஒருத்தனைக் கொண்டந்து விட்டார். கார்ல்சன் 101-இலையிருந்து 56-க்கு இறங்கினான், அடுத்த வருஷம் 53. பிட்ஸ்பேர்க் ரெண்டு வருஷமும் பிளே-ஓஃபுக்குப் போகேல்லை. பிட்ஸ்பேர்க் ஷார்க்சுக்குக் குடுத்த தெரிவு 2024-இலை பதினாலாவதா விழுந்துது. ஷார்க்ஸ் அதோடை இன்னொண்டைச் சேத்து பஃபலோவுக்குக் குடுத்து, பதினோராவதுக்கு ஏறி எடுத்தது சாம் டிக்கின்சன் எண்ட பெடியனை. அவனும் முன்னேறி அடிக்கிற டிஃபென்ஸ்காரன்தான்! சூடு கண்ட பிறகும் அதே அடுப்படி.

"அப்பு, அப்ப இப்பிடியான ஆளை விக்கவே கூடாதோ?" எண்டு நீங்கள் கேப்பியள். ஆர் சொன்னது? எட்மன்டன் ஒயிலேர்ஸ் 1987 நவம்பரிலை போல் கொஃபி எண்ட டிஃபென்ஸ்காரனைப் பிட்ஸ்பேர்க்குக்கு வித்தது. 1985-86-இலை 48 கோலும் 138 புள்ளியும் அடிச்ச மனிசன், சம்பளத் தகராறிலை அணிக்கு வராமல் நிண்டவன். பதிலுக்கு வந்தவையிலை கிரெய்க் சிம்சன் எண்ட பெடியன் அந்தப் பருவம் முழுக்கச் சேத்து 56 கோல் போட்டான். எட்மன்டன் 1988-லையும் 1990-லையும் சாம்பியன் கிண்ணம் தூக்கினது. கொஃபியும் 1991-இலை பிட்ஸ்பேர்க்கோடை தூக்கினவன். ரெண்டு பக்கமும் சிரிச்ச பேரம் அது, அபூர்வம். மொன்றியல் 2016 ஜூனிலை தன்ரை டிஃபென்ஸ்காரன் சுபானைக் குடுத்து நாஷ்வில்லின்ரை டிஃபென்ஸ்காரன் வெபரை வாங்கினது இன்னொரு கதை. சுபானோடை நாஷ்வில் 2017 இறுதிக்குப் போச்சு, வெபரோடை மொன்றியல் 2021 இறுதிக்குப் போச்சு, ஒருத்தரும் வெல்லேல்லை. அந்தச் சண்டையை மொன்றியல்காரர் இப்பவும் பிடிக்கினம், நாங்கள் அதுக்குள்ளை போகத் தேவையில்லை.

இனி உங்கட றைலி. நல்ல பிள்ளை. 2024 பெப்ரவரியிலை ஒட்டாவாக்காரன் ஒருத்தன் வெறும் கோலுக்குள்ளை பக்கை ஓங்கி அடிச்சு நக்கலடிச்ச நேரம், ஓடிப்போய்த் தடியாலை குடுத்தவன். அஞ்சு ஆட்டத் தடை வாங்கினான், உங்களிலை ஆரும் அழேல்லை, ரெண்டு பேர் எழும்பி நிண்டு கை தட்டினதை நான் கண்டனான். அதாலை உங்களுக்கு அவனிலை பாசம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் 2018-19-இலை 72 புள்ளி அடிச்சவன் 2024-25-இலை அடிச்சது 41. அந்தப் பருவம் முடியேக்கை வயசு 31. வருஷம் ஏழரை மில்லியன். ஏழரைச் சனியெண்டாலும் ஏழரை வருஷத்திலை விட்டுப் போகும், இந்த ஒப்பந்தம் எட்டு வருஷம். 2021-இலை அதை எழுதினவரும் அந்த டூபாஸ்தான். 2024-25 முடியேக்கை இன்னும் அஞ்சு பருவம் கிடந்தது.

உங்களுக்குச் சாதகமா ஒண்டு இருக்கு, அதை மறைக்கமாட்டன். சம்பள வரம்பு ஏறுது. 2025-26-க்கு 95.5 மில்லியன், அதுக்கு அடுத்த பருவம் இன்னும் கூட. ஏழரை இண்டைக்குக் கனம், ரெண்டு வருஷத்திலை கொஞ்சம் லேசாகும். அப்ப ஒரு அவசரக்காரன் வந்தால், சம்பளத்திலை கொஞ்சத்தை நீங்கள் கட்டுறதெண்டு ஒத்துக்கொண்டால், ஒரு ரெண்டாம் சுற்றுத் தெரிவும் ஒரு இளம் பெடியனும் கேக்கலாம். ரெண்டு முதலாம் சுற்று எண்ட கதையை இண்டையோடை விடுங்கோ. அப்பிடித் தாறவன் ஆரும் இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ, என்னட்டை ஒரு பழைய கொரோலாக் கார் கிடக்கு.

இவ்வளவும் கத்தினியளே, ஒரு விஷயம் மட்டும் ஒருத்தன்ரை வாயிலையும் வரேல்லை. றைலின்ரை ஒப்பந்தத்திலையும் அவன்ரை சம்மதம் இல்லாமல் அசைக்கேலாது எண்டு எழுதியிருக்கு. நீங்கள் விலை பேசுற ஆளை முதலிலை ஒருக்கால் கேளுங்கோ.