ஆடித் தள்ளுபடி லேசருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மோவாயில் நாலைந்து முடியும், கையில் கொஞ்சம் காசும் உள்ள வாடிக்கையாளர்.

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், லேசர் முடிநீக்கப் பிரிவு, எங்கள் கடைவீதி அழகு நிலையம்.

பொருள்: பணம் கட்டும் முன் தாங்கள் கேட்க மறந்த கேள்விகளை நினைவூட்டுதல் – சார்பு.

ஐயா,

“வலியே இல்லை, திரும்ப முளைக்காது, ஆடி முழுக்கப் பாதி விலை” என்ற தங்கள் ஃபிளெக்ஸைப் பார்த்துப் படியேறி வந்தவள் நான். டேப்லெட்டும் கையுமாக எதிர்கொண்ட பெண், “ஃபேஸ் மட்டுமா மேம், ஃபுல் பாடியா? ஜிபேயா, இஎம்ஐயா?” என்று கேட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை இவ்வளவு மதிக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. மோவாயில் தடித்த முடி முளைத்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அந்தக் கோளாறைக் கவனிக்காமல் லேசர் மட்டும் அடித்தால், புது முடி கிளம்பிக்கொண்டே இருக்குமாம். தங்களுக்கென்ன, ஆடியும் வருடா வருடம் வருகிறது. கர்ப்பமா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா, வெயிலில் அலைகிறேனா என்பதெல்லாம் தங்களுக்குத் தேவைப்படவில்லை.

“எந்த லேசர்?” என்று நானாகத்தான் கேட்டேன். “ஃபாரின் மெஷின் மேம்” என்று பதில் வந்தது. லேசர் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடுவது. முடியும் கறுப்பு, தோலும் மாநிறம் என்றால் அது தோலையும் விட்டுவைக்காது. வெள்ளைத் தோலுக்கு ஏற்ற 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் நம் தோலில் கொப்புளமும் கருந்திட்டும் போடலாம்; ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் நமக்கு அதைவிடப் பாதுகாப்பானது. தங்கள் மெஷின் ஐபிஎல் எனும் ஒளிவீச்சுக் கருவி என்றால் அது லேசரே இல்லை. ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து, தோல் என்ன சொல்கிறது என்று ஓரிரு நாள் பொறுப்பதும் வழக்கம். தள்ளுபடி அதுவரை பொறுக்காது போலும்.

துணைக்கு வந்த என் அத்தைக்கும் பேக்கேஜ் நீட்டினீர்களே, அந்தத் தாராளத்தை என்ன சொல்ல! அவர் மோவாயில் இருப்பது அத்தனையும் நரை. நிறமில்லாத முடியை லேசர் கண்டுகொள்வதே இல்லை. பேக்கேஜோடு த்ரெடிங்கும் வாக்ஸிங்கும் இலவசம் என்றீர்கள். வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. அதற்குச் சில வாரம் முன்பிருந்தே பிடுங்கக் கூடாது, மழிக்கலாம் என்பார்கள். வேரை இலவசமாகப் பிடுங்கிவிட்டு, வேர் இல்லாத இடத்தில் காசுக்கு லேசர் அடிக்கும் வியாபார நுட்பத்துக்கு என் வணக்கம்.

‘திரும்ப முளைக்காது’ என்ற வாக்குறுதிக்கும் வருவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இந்தக் கருவிகளுக்கு ‘நிரந்தர முடிக்குறைப்பு’ என்பதற்கு மேல் சொல்ல இடம் தருவதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் லேசரில் மாட்டும். அதனால் சில வார இடைவெளியில் ஆறெட்டு முறை வர வேண்டும். பிறகும் அவ்வப்போது தலைகாட்ட வேண்டும். சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், பூனைமுடி தடித்துக் கூடுதலாக வளர்வதும் உண்டு. ஃபிளெக்ஸில் அதற்கு இடம் போதவில்லை.

‘வலியே இல்லை’ என்பதற்காக உடம்பெல்லாம் மரப்புக் களிம்பு பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றும் யோசனை இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். அமெரிக்காவில் லேசருக்காகக் காலில் அப்படிப் பூசிச் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனதை அதே நிர்வாகம் 2007இல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

ஆகவே, சுவரில் வெள்ளைக் கோட்டோடு சிரிக்கும் தோல் மருத்துவரை ஒரு நாளாவது நேரில் வரவழைத்து, அவர் பதிவு எண்ணையும் படத்துக்குக் கீழே எழுதி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்த பிறகு ஜிபேயா இஎம்ஐயா என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் பணம் கட்டாத வாடிக்கையாளர்.

நகல்: ஆடித் தள்ளுபடி வரிசையில் நிற்கும் அனைவருக்கும். முதலில் மருத்துவர், அப்புறம் மெஷின், கடைசியில்தான் ரசீது.