நூலக வரி கட்டியவர் கவனத்துக்கு

சொத்து வரி ரசீது வந்தால் எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறோம். நடுவில் ‘நூலக வரி’ என்று ஒன்று இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்று 1931-இலேயே விதி எழுதியவர்.

அவர் நம்மூர்க் கிளை நூலகத்துக்கு வந்தால் பூரித்துப்போவார். எத்தனை பயன்! கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதி ஒன்று, ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரே நாளிதழை ஐந்து பேர் பாகப்பிரிவினை செய்துகொள்ள, ராசிபலன் பக்கம் மட்டும் ஒரு பெரியவரின் சுயார்ஜிதச் சொத்து. வேலைவாய்ப்புப் பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. கத்தரித்துக்கொண்டு போனவருக்காவது வேலை கிடைத்திருந்தால் சரி.

டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள் கதவு திறக்குமுன்பே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடிக்கிறார்கள். புத்தகம் அவர்களுடையது, நூலகம் தருவது நாற்காலியும் அமைதியும்தான். வீட்டில் அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய சேவை இல்லை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

“இப்பல்லாம் யார் சார் லைப்ரரிக்குப் போறாங்க?” என்று டீக்கடையில் கேட்கும் அண்ணாச்சி, பள்ளிக்கூடம் விட்டபின் அந்தப் படியேறியதில்லை. ஆனால் வருஷம் தவறாமல் வரி கட்டுகிறார்.

காசு கொடுத்தாயிற்று, ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.