உள்ளே ஒலிக்கும் தப்பு

கேள்வி: முற்காலத்தில் லயத்து மக்களை எழுப்பத் தப்படிப்பார்களாம். இப்போது தப்பும் இல்லை. எங்கள் அம்மாயியிடம் கடிகாரமும் இல்லை. ஆனாலும் தினமும் நாலரை மணிக்கே விழித்துக்கொள்கிறாரே, எப்படி?
— ஒரு வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: தப்பு நின்றுவிட்டதென்று யார் சொன்னது? அது அம்மாயியின் சிறுநீரகங்களின் மேலேயே அமர்ந்திருக்கிறது! அங்குள்ள அட்ரீனல் சுரப்பிகள், விடியுமுன்னரே கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் பெருக்கி, பல்லாண்டுகள் பிரட்டுக்குப் பழகிய அந்தச் சரீரத்தை நித்திரையினின்றும் எழுப்ப ஆயத்தம் செய்கின்றன. அடிக்கும்படி ஆக்ஞையிடும் கங்காணியோ, மூளையின் ஹைப்போதலாமஸில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருந்துகொண்டு, வெளிச்சத்தை அனுசரித்து நாழிகை கணிக்கின்ற ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களின் கூட்டம்.

இருள் கவிந்ததும் மெலட்டோனினைச் சுரக்க அனுமதிப்பதும் அதே கங்காணிதான். கண்ணில் படும் பிரகாசமான ஒளி அச்சுரப்பைத் தடுத்துவிடும். வயதானவர்களுக்கும் ஏழெட்டு மணி நேர நித்திரை வேண்டும். ஒற்றை அறையில் எல்லோரும் படுக்கும் லயத்தில் அது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் தங்கையே, இரவு எட்டரைக்கு அம்மாயி பாயை விரித்ததும், தொலைக்காட்சியையும் விளக்கையும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.