கண்ணால் கற்ற ஆங்கிலம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் புழக்கத்தில் இல்லாத ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால், முதலில் வீட்டில் இருக்கும் லிப்கோ அகராதியைப் புரட்டுவோம். அதில் அகப்படாவிட்டால் கிளை நூலகம். பெரிய அகராதிகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அலமாரி ஓரமாக உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சொல், பொருள், அது வந்த வாக்கியம் ஆகிய மூன்றையும் எழுத வைத்தவர் எங்கள் ஆங்கில ஆசிரியர்.

நோட்டில் ஏறிய சொற்களில் பலவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி 1917-லேயே வெளிவந்துவிட்டது. ஹார்ன்பியின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஒலிக்குறிகள் உண்டு. ஆனால் கவிழ்த்துப் போட்ட 'ஈ' எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது, அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சிறு கோடு எதற்கு என்று சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை.

காதுக்குக் கிடைத்தது வானொலி ஒன்றுதான். இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியில் ஏதோ ஒரு நாட்டில் 'கூ' நடந்தது என்பார்கள். காலையில் வாசகசாலைப் பத்திரிகையில் அதே செய்தியில் சி, ஓ, யு, பி என்று நான்கெழுத்துச் சொல் இருக்கும். கேட்டதும் பார்த்ததும் ஒரே சொல், ஆட்சிக் கவிழ்ப்பு என்று பொருத்திப் பார்க்கும்போதுதான் அது முழுதாக நம்முடையதாகும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு தூரம் ஏன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் செருகிய எழுத்து அது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல். அதை லத்தீனோடு தவறாக முடிச்சுப் போட்டதில் 'எஸ்' உள்ளே வந்தது. 'கர்னல்' எழுத்தில் இத்தாலிய வடிவத்தையும் ஒலியில் பழைய பிரெஞ்சு வடிவத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறது. எழுதியபடியே வாசிக்கும் பிள்ளையிடம் குறை இல்லை. குறை அந்த எழுத்துக்கூட்டலில்தான்.

இன்று பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். மிகைப்படுத்திச் சொல்வதற்கான சொல் பாடத்தில் வந்தது. கைப்பேசியில் அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். 'ஹைப்பர்பலி' என்றது. இரண்டாவது அசையில் அழுத்தம் விழுவதைக் கவனித்து, திரும்பக் கேட்டு, தானும் சொல்லிப் பார்த்தாள். பிரிட்டிஷ் குரல், அமெரிக்கக் குரல் இரண்டும் அங்கேயே இருந்தன. எங்களுக்கு நகரத்துக் கான்வென்ட் வாசலில் நின்றுவிட்ட ஒன்று, இவளுக்கு வீட்டுத் திண்ணையில் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய சமத்துவம் மொழிப்படிப்பில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலம் ஓர் அசையை அழுத்தி மற்றவற்றை விழுங்கும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும், 'ஃபடாக்ரஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். இதை விதியாக மனப்பாடம் செய்வது கடினம். நாலு முறை கேட்டால் பிடிபட்டுவிடும்.

ஆனால் பொருள் விஷயத்தில் கைப்பேசி அவசரப்படுத்துகிறது. முதலில் தென்படும் பொருளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் நகர்ந்துவிடுகிறார்கள். எந்த வாக்கியத்தில் வந்தது, அந்த இடத்துக்கு எந்தப் பொருள் பொருந்துகிறது என்று பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். சொல், பொருள், வாக்கியம். நான்காவதாக, அழுத்தம் விழும் அசையின் அடியில் ஒரு கோடு. இப்போது அவளே எழுதி வருகிறாள்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை 'எபிட்டமி' என்பதை 'எபிட்டோம்' என்று வாசித்தால், யாரும் சொல்லித்தராமல் தானே புத்தகத்தில் கண்டெடுத்த சொல்லாக அது இருக்கலாம். மற்றவர்களைச் சிரிக்க விடாதீர்கள். அகராதியின் குரலை வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டி, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த புதிய சொல்லுக்கு வாயே திறக்காது.